சம்மந்திக்குக் கட்டின கயிறு

அந்தப் பையை மட்டும் கால்ல இடிச்சிராத தாயி. உள்ள பாட்டில் இருக்கு. ஏன் அப்படிப் பாக்குற? என்னையப் பாத்தா குடிக்கிற பொம்பளை மாதிரியா தெரியுது? அது சம்மந்தி வீட்டுச் சீரு. சீரை வேண்டாம்னு சொல்ற வழக்கம் நம்மகிட்ட உண்டா?

கம்பம் வரைக்குமா போற? நானும் கம்பந்தான். ஜன்னல் ஓரம் நீயே இருந்துக்கிரு, எனக்குப் பேச ஆள் கெடைச்சா சரி. காலையிலதான் ஏரோப்பிளேன்ல வந்து எறங்கினேன். ஆஸ்திரேலியாவுல இருந்து. நெசமாத்தான்! மகளுக்குப் பேறுகாலம் பாக்க ஆறு மாசத்துக்குப் போனவளை, பாதியில டிக்கெட்டை மாத்தி ஏத்திவிட்டுட்டா. யாரு? நான் பெத்த மகதான், ரஞ்சனி. என்ன காரணம்னு கேளேன். நான் குடிக்கிறேனாம். நான்!

இரு, தொண்டை காயுது. இந்த பிளாஸ்க்கை எடுத்துக்கிர்றேன். கசாயம். சம்மந்தி தன் கையால செஞ்சது. செவப்பாத்தான் இருக்கும்.

என்னைய யாருன்னு நெனைச்ச? விருமாயின்னு கம்பத்துல கேட்டுப் பாரு. எங்க தெருவுல எந்த ஆம்பளை குடிச்சிட்டு விழுந்து கெடந்தாலும், பொண்டாட்டி மொதல்ல ஓடி வர்றது என்கிட்டத்தான். கயிறு கட்ட. கருப்பன் கோயில்ல கயிறு கட்டுறது உனக்குத் தெரியும்ல? குடிகாரனைக் குளிக்க வச்சு, வெறும் வயித்தோட கூட்டிக்கிட்டுப் போகணும். பச்சைத்தண்ணி கூடக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழம். கருப்பன் மேல சத்தியம், இனிமே தொடமாட்டேன்னு சொன்னதும் பூசாரி கையில கறுப்புக் கயிறைக் கட்டுவாரு. கட்டினவன் தொட்டான், கண்ணு அவிஞ்சிரும். எங்க வீட்டுக்காரருக்கே நான்தான் கட்டிவிட்டேன். இப்பத் தங்கமா இருக்காரு. அப்படி எத்தனை குடும்பத்துல வெளக்கு ஏத்தி வச்சவ நான். என்னையப் போயி!

சரி, சம்மந்தி கதைக்கு வர்றேன்.

நான் பெத்த மக மேல்படிப்புக்குப் போன எடத்துல ஒரு வெள்ளைக்காரப் பையனைப் புடிச்சுக்கிட்டா. லூக்காசு. நல்ல பையந்தான், குனிஞ்ச தலை நிமிராது. போனைப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி நிமிரும்? என்ன வேலைன்னு கேட்டதுக்கு, 'திராட்சைத் தோட்டம்மா, நம்மள மாதிரிதான்'ன்னா. நம்மள மாதிரியேன்னு நானும் சரின்னுட்டேன். அந்தத் திராட்சையை என்ன செய்றாகன்னு அவளும் சொல்லல, எனக்கும் கேக்கத் தோணல. போயி எறங்கினாத்தான் தெரியுது, அது சாராயம் காச்சுற வீடு! 'காச்சல அம்மா, புளிக்க வைக்கிறோம்'கிறா மக. எதுவானா என்ன, மூடி தெறந்தா ஒரே வாடைதான்.

அந்தக் குடும்பத்துக்கு ஆட்டர்மானோ என்னமோ பேரு. எனக்கு வாயில வரல. ஆட்டுக்காரவுக வீடுன்னு வச்சுக்கிட்டேன். சம்மந்தி பேரு வெர்னர். சம்மந்தியம்மா காலமாகி ரொம்ப வருசம் ஆச்சு. ஆளு கோயில் கதவு மாதிரி இருப்பாரு, செவந்த மூக்கு. அந்த மூக்கைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. எத்தனை மூக்கைப் பாத்திருக்கேன்.

வந்த மறுநாளே என்னையத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாரு. ரொம்பப் பழைய கொடியாம், ஊரு ஊரா வந்து பாத்துட்டுப் போறாகளாம். போய்ப் பாத்தா, தாயி, பந்தல் இல்ல, கல்லுத்தூண் இல்ல, கம்பி இல்ல. வெட்டவெளியில கட்டை கட்டையா முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒவ்வொண்ணும் ஆட்டுரல் தடி. நம்ம கம்பத்துல வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை வெட்டுறோம், கொடிக்கு இருபது வருசம் ஆனாக் கெழடு தட்டிப் போச்சுன்னு பிடுங்கிப் போட்டுப் புதுசு ஊனுறோம். இது நூத்தி எழுபது வருசமாம்! காய்ப்பு, ஒரு கொடிக்கு ஒரு கூடை தேறாது.

'சம்மந்தி, நல்லா எரியும்'னேன். மக அவருகிட்ட என்னமோ இங்கிலீசுல சொன்னா. அவரு நெஞ்சுல கையை வச்சுக்கிட்டுக் கண்கலங்கிட்டாரு. என்னடி சொன்னன்னு கேட்டா, 'அம்மாவுக்குப் பேச்சே வரலன்னு சொன்னேன்'கிறா.

அந்தக் கொடிக்கு ஒரு கதை வச்சிருக்காக. வர்றவுக எல்லாருக்கும் சம்மந்தி ஆளுக்கொரு கிளாசை நீட்டிட்டுச் சொல்லுவாரு. மொதப் பாட்டன் ஜெர்மனியில இருந்து கப்பல் ஏறி வந்தவராம். சாமி கும்பிடுறதுல ராஜாவோட தகராறு. நான் சொல்றபடிதான் செபம் சொல்லணும்னு ராஜா சொல்லிருக்காரு. இவுக, எங்க சாமிக்கு நாங்க குடுத்த வார்த்தை குடுத்ததுதான், மாத்த முடியாதுன்னு நாட்டையே விட்டுட்டு வந்துட்டாக. எனக்கு இது ஒடனே புரிஞ்சிருச்சு. நம்ம ஊர்ல மொத மரியாதைக்கு அடிச்சுக்கிரல? அவுகளுக்குக் கப்பல் கெடைச்சுச்சு, ஏறிட்டாக. நம்மாளுகளுக்குக் கெடைக்கல, கோர்ட்டுக்குப் போயிட்டாக.

வந்து எறங்கின பாட்டன் குச்சியை ஊனினாரு. அந்தக் குச்சிதான் இந்தக் கட்டை. பெறகு இடையில ஒரு காலம், செவப்புச் சரக்கை நாய் கூடச் சீந்தல போல. கொடியைப் பிடுங்கினா காசு தர்றோம்னு கெவருமெண்டே சொல்லிருக்கு. சுத்துப்பட்டு முழுக்கப் பிடுங்கிட்டாக. சம்மந்தியோட அப்பா மட்டும், என்னையக் கொன்னுட்டுக் கொடியைத் தொடுங்கடான்னு பைபிளைப் புடிச்சுக்கிட்டு டிராக்டருக்கு முன்னால நின்னாராம். இதைச் சொல்லும்போது வந்தவுக எல்லாரும் கண்ணைத் தொடைப்பாக. தொடைச்சிட்டு ரெண்டு பாட்டில் வாங்குவாக.

உசிலம்பட்டி வந்துருச்சா? எறங்குறவுக எறங்கட்டும், பையைப் பாத்துக்கிரு.

இப்ப நான் செஞ்சதைக் கேளு. சம்மந்தி காலையில காப்பித்தண்ணி குடிச்ச கையோட ஒரு கிளாசை எடுத்துருவாரு. ஆட்டுவாரு, மோப்பம் புடிப்பாரு, வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்புவாரு. காலங்காத்தால! ரஞ்சனிகிட்டக் கேட்டா, அதான்மா வேலைங்கிறா. எங்க தெருவுலயும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாய்ங்க, வேலை அலுப்புன்னு. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. பேரன் பொறக்கப் போறான். மூக்குச் செவந்த ஒரு குடிகாரத் தாத்தன் மடியிலயா அவனைப் போடுறது?

மகளுக்கு வலி எடுத்து மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. வீட்ல நானும் சம்மந்தியுந்தான். எனக்கு இங்கிலீசு வராது, அவருக்குத் தமிழ் வராது. பேரன் பொறந்துட்டான்னு போன் வந்துச்சு. மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுறாரு. இதுதான் நேரம்னு பெட்டியைத் தெறந்தேன். கருப்பன் கோயில்ல பூசை வச்ச கயிறு என்கிட்ட எப்பவும் இருக்கும், அரிசி மூட்டையில உழக்கு கெடக்கிற மாதிரி. கையை நீட்டச் சொன்னேன், நீட்டிட்டாரு. 'கருப்பன் மேல சத்தியம்'னேன். 'கரப்பன் மேல சத்தியம்'னாரு. கரப்பானோ கருப்பனோ, சாமிக்குத் தெரியாதா? 'இனிமே தொடமாட்டேன்.' 'இனிமே தொடமாட்டேன்.' கட்டிட்டேன்! கயிறுக்கு முத்தம் வேற குடுத்துக்கிட்டாரு.

மக பச்சைப்புள்ளையோட வீட்டுக்கு வந்தவ, வாசல்லயே அந்தக் கயிறைப் பாத்துட்டா. அவளும் கம்பத்துப் புள்ளைதான? 'அடிப்பாவி! யாருக்கும்மா கட்டின? ஆறு தலைமுறையா சரக்கு செய்ற மனுசனுக்கா?'ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. 'நாளை மறுநாள் பழம் வெட்டுறாங்கம்மா!'ன்னா.

பெறகுதான் எனக்கு விசயமே சொன்னாக. அந்தப் பழைய கொடி இருக்குல, அதைப் பிடுங்கிட்டு, வர்றவுக தங்குறதுக்கு வரிசையாக் குட்டி குட்டி வீடு கட்டணும்னு மாப்பிள்ளைக்கு ஆசை. அப்பனும் மகனும் ஒரு வருசமா மொகம் குடுத்துப் பேசல. கடைசியா ஒரு பேச்சு பேசி முடிச்சிருக்காக. இந்த வருசம் அந்தக் கொடிச் சரக்கைச் சம்மந்தி தனியா எடுத்துச் செய்யணும். மகனே குடிச்சுப் பாத்து, இதை அழிக்க மனசு வரலைன்னு சொல்லணும். இல்லைன்னா புல்டோசர். அதுக்கு நாக்குத்தான் மூலதனம். வெட்டின பழத்தைத் தோலோட ஊறப் போட்டு, அந்தச் சாறைக் காலையும் சாயங்காலமும் ருசி பாத்துக்கிட்டே இருந்து, சரியான நேரத்துல புழியணுமாம். முந்தினா சப்புன்னு போயிரும், பிந்தினாத் தொவர்த்துப் போயிரும். அந்த நாக்கைத்தான் நான் கட்டிப் போட்டுட்டேன்.

மக கயிறோட அர்த்தத்தைச் சொன்னா. சொல்லிட்டு, 'அவுத்துருங்க மாமா, எங்கம்மா ஒரு கிறுக்கு'ன்னா. பெத்தவளை! சம்மந்தி கயிறையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெறகு சொன்னாரு பாரு, மக அழுதுக்கிட்டே எனக்குச் சொன்னா: 'சாமிக்குக் குடுத்த ஒரு வார்த்தைக்காகக் கப்பல் ஏறின குடும்பம்மா நாங்க. தெரிஞ்சு சொன்னா என்ன, தெரியாமச் சொன்னா என்ன. சொன்னது என் வாய்தான.' அவுக்க மாட்டேன்னுட்டாரு. மாப்பிள்ளை கத்துறாரு, கதவை ஓங்கிச் சாத்துறாரு. இவரு அசையல. துப்பிட்டாக் கணக்கு உண்டான்னு மட்டும் என்கிட்டக் கேக்கச் சொன்னாரு. நாக்குல பட்டாப் பட்டதுதான்னேன். நான் என்ன செய்யட்டும், சட்டம் அப்படி.

அந்த நிமிசந்தான் எனக்கு அந்த மனுசன் மேல மரியாதை வந்துச்சு. எங்க தெருவுல கட்டினவய்ங்க பாதிப் பேரு ஆடி மாசம் கட்டி ஆவணியில அத்துருவாய்ங்க. இவரு அர்த்தம் தெரியாத சத்தியத்துக்குத் தோட்டத்தையே பணயம் வைக்கிறாரு.

சரி, யாரு ருசி பாக்குறது? வேலைக்காரய்ங்க வேணாம், அவிங்க மகன் பக்கமாம். மாப்பிள்ளை வேணாம், அவருதான் எதிர்க்கட்சி. மக பால் குடுக்கிற பச்சை உடம்புக்காரி. மிச்சம் இருக்கிறது யாரு? சம்மந்தி என்னையப் பாத்தாரு. 'ஐயோ, நான் மாட்டேன்'னேன். ஆனா கட்டினது நான்தான? கயிறும் நம்மது, கடனும் நம்மது.

அதனால தொட்டேன் தாயி. வேலையாத்தான் தொட்டேன். இதைக் குடிக்கிறதுன்னு சொல்லுவாகளா? நீயே சொல்லு.

தொட்டியில இருந்து ஒரு கிளாஸ் மோந்து குடுப்பாரு. மோப்பம் அவரு புடிப்பாரு, அதுக்குக் கயிறுல தடை இல்ல. வாயில வைக்கிறது நானு. என் மொகத்தையே உத்துப் பாப்பாரு. புருவம் ஏறுதா, கன்னம் சுருங்குதா, கண்ணு மூடுதான்னு பாத்துத் தலையாட்டிக்கிருவாரு. துப்புறதுக்கு ஒரு வாளி வச்சிருப்பாரு. எனக்கு அதுதான் முடியல. வெளைஞ்ச பொருளை வாயில வாங்கி, விருந்தாடி வந்த வீட்ல, குடுத்த மனுசன் முன்னாலயே துப்புறதா? எங்காத்தா இருந்தா வாயிலயே போட்டிருப்பா. முழுங்கிட்டேன். மரியாதைக்குத்தான் முழுங்கினேன்.

மொத நாள் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருந்துச்சு. மறுநாள் அம்புட்டு மோசமில்ல. அதுக்கு அடுத்த நாள், நாலு மணிக்குப் போக வேண்டியதை நான் மூணு மணிக்கே போயி உக்காந்துட்டேன். பொறுப்பு வேணும்ல.

அந்த நேரத்துல சம்மந்தி நெறைய பேசுவாரு. மக மடியில புள்ளையை வச்சுக்கிட்டு எனக்குச் சொல்லுவா. குடிச்சா உண்மை வரும்பாக. இந்த மனுசனுக்குக் குடியை விட்ட பெறகுதான் உண்மை வந்துச்சு. பைபிளும் இல்ல, டிராக்டரும் இல்லையாம்! அவுக அப்பா பிடுங்குறதுக்குத்தான் ஓடியாடிருக்காரு, காசுக்கு எழுதியும் குடுத்துட்டாரு. ஆனா சொந்த டிராக்டர் அச்சு முறிஞ்சு கெடந்திருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரன்கிட்டக் கேக்கணும். அவனோட ஒரு பன்னிக்குட்டி விசயமாப் பேச்சுவார்த்தை கெடையாது. அவன்கிட்டப் போயி நான் நிக்கிறதான்னு வீம்பு புடிச்சு உக்காந்துட்டாரு. உக்காந்து உக்காந்து கெடு முடிஞ்சு போச்சு. அம்புட்டுத்தான், கொடி பொழச்சுச்சு! நான் சிரிச்ச சிரிப்புல பேரன் முழிச்சுக்கிட்டான். ஆட்டுக்காரவுக இல்ல, இவுக நம்ம ஊர்க்காரவுகதான். பன்னிக்குட்டித் தகராறு காப்பாத்தின கொடி!

தேனி தாண்டிட்டோமா? கொஞ்சம் கசாயம் குடிக்கிறியா? வேணாமா? சரி, எனக்குத்தான் நல்லதாப் போச்சு.

ஒருநாள் சாயங்காலம். மகளும் புள்ளையும் தூங்குறாக. நானும் சம்மந்தியுந்தான் தொட்டிப் பக்கத்துல. ஒரு கிளாஸ் குடுத்தாரு, முழுங்கினேன். இன்னொண்ணு குடுத்தாரு. மூணாவதுக்கு மோக்கப் போனாரு. எனக்கு அந்தத் தொட்டி ரெண்டாத் தெரியுது, சம்மந்தி ரெண்டாத் தெரியிறாரு. கையைக் குறுக்க நீட்டி, கண்ணை மூடிக்கிட்டு, 'போதும்'னேன். ஊத்தாதீகன்னு அர்த்தம். வேறென்ன அர்த்தம்?

மனுசன் கையில இருந்த கிளாசைக் கீழ வச்சாரு. 'போ…தும்?'னாரு. 'போதும் சம்மந்தி, போதும்'னேன். அம்புட்டுத்தான், ஓடினாரு பாரு! விளக்கைப் போடுறாரு, ஆளுகளைக் கூப்புடுறாரு, புழியிற மிசினை உருட்டுறாரு. ஊறினது போதும்னு நான் தீர்ப்புச் சொல்லிட்டேன்னு நெனைச்சுக்கிட்டாரு! இன்னும் ரெண்டு நாள் போகணும்னுதான் அவருக்கே எண்ணமாம். நான் ஒரு மர ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எதுக்குத் தடுக்கணும்? தடுக்க எனக்கு எந்திரிக்கவும் முடியல.

எல்லாம் அடங்கி, மாப்பிள்ளை வந்து குடிச்சுப் பாக்குற நாள் வந்துச்சு. சம்மந்தி கயிறைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. எனக்கும் உள்ளுக்குள்ள கருப்பா கருப்பான்னு ஓடுது. நல்லா எரியும்னு சொன்னவதான் நான். ஆனா அன்னைக்கு அந்தக் கட்டைக மேல வெட்டு விழுந்தா என் சொந்தத் தோட்டத்துல விழுந்த மாதிரி இருந்திருக்கும், நெசமாச் சொல்றேன். மாப்பிள்ளை வாயில வச்சாரு. போனைக் கீழ வச்சாரு. இன்னொரு வாய் வச்சாரு. துப்பல, தாயி! முழுங்கினாரு. அப்பாவைக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. வீடு கட்டுற பேச்சு அதோட போச்சு. அந்தச் சரக்குக்கு என்ன பேரு வச்சிருக்காக தெரியுமா? 'போதும்'! இந்தப் பாட்டில்ல ஒட்டியிருக்கிறது மக கையால எழுதினது, தமிழ்லயே.

இப்பச் சொல்லு, நூத்தி எழுபது வருசக் கொடியைக் காப்பாத்தினது யாரு?

அதுக்குக் கெடைச்ச பட்டத்தைக் கேளு. சரக்கைப் பீப்பாயில ஊத்தி வச்சுட்டாக. ஊத்தி வச்சா முடிஞ்சு போச்சா? கெட்டுப் போகாம இருக்கான்னு பாக்க வேண்டாமா? ஒரு பீப்பாயைப் பாத்தா இன்னொண்ணு கோவிச்சுக்காதா? நான் காலையில ஒரு நடை, மதியம் ஒரு நடை, வெளக்கு வைக்கிற நேரத்துல ஒரு நடை போயி வந்தேன். யாரும் சொல்லாமலே செஞ்சேன். மக என்ன செய்றா, புள்ளையோட பால் பாட்டில் பக்கத்துல என் கிளாஸ் இருந்துச்சுன்னு ஊரைக் கூட்டுறா. தாலாட்டுல கெட்ட வார்த்தை வந்துச்சாம். மூக்கு செவந்து போச்சாம். குளிரு தாயி, அங்க குளிரு! 'அப்பா, அம்மாவை வரச் சொல்லுங்க'ன்னு எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டா.

ஆனா சம்மந்தி இன்னும் கயிறை அவுக்கல. தொப்பை வத்தி, மூக்கு வெளுத்து, புது மாப்பிள்ளை கணக்கா இருக்காரு. ஏர்போர்ட்டுல என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. ரெண்டு பாட்டில் குடுத்தாரு. மதுரையில வச்சு ஒண்ணு ஒடைஞ்சு போச்சு. ஒரு சொட்டு கூடக் கீழ சிந்தல, அதுவரைக்கும் புண்ணியம்.

எங்க வீட்டுக்காரரு மட்டும் மாறவே இல்ல, பாசம்னா பாசம். காலையில போன்ல சொல்றாரு, 'குளிச்சிட்டு பஸ் ஏறு. வழியில ஒண்ணும் வாங்கித் திங்காத, வெறும் வயித்தோட வா. நேராக் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கு. பூசாரிகிட்டச் சொல்லி வச்சிட்டேன்'னு. பேரன் பொறந்ததுக்கு என்னமோ வேண்டுதல் போல. என்கிட்டக் கூடச் சொல்லாம வேண்டியிருக்காரு பாரு.

உத்தமபாளையம் போயிருச்சு, கம்பம் வந்துருச்சு. அந்தா நிக்கிறாரு, பச்சைச் சட்டை. பக்கத்துல பூசாரி வேற. பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாரே! கையில என்ன அது, எலுமிச்சம்பழமா? இன்னொரு கையில…

ஏன் தாயி, அது கறுப்புக் கயிறு மாதிரி இல்ல?

எவனோ ஒரு குடிகாரப்பயலுக்குக் கட்டப் போறாக. பாவம், யாரு பெத்த புள்ளையோ. ஆனா ஏன் அவரு என் கையையே பாக்குறாரு?

இந்தா, இந்த பிளாஸ்க்கைப் புடி. வெரசாப் புடி! நாளைக்கு வந்து வாங்கிக்கிருவேன். அடியில ஒரு மடக்கு கெடக்கு, வெளைஞ்ச பொருளு, வீணாப் போகக் கூடாது. நீயே குடிச்சிரு. தொவர்ப்பா இருக்கும், ஆனாத் துப்பிராத தாயி. பாவம்.